மஞ்சக்குப்பம் வழக்கைப் பற்றி எழுதும்போது யாருடைய சொல்லை நம்புவது?

கேள்வி

எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு மலருக்காக வள்ளலார் இராமலிங்க அடிகளின் பாடல்கள் இறையருளால் பிறந்த அருட்பாவா, மருளால் பிறந்த மருட்பாவா என்று எழுந்த அருட்பா மருட்பாப் போரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குள் இராமலிங்க அடிகள் நுழைந்தபோது, வழக்குத் தொடுத்த யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரே எழுந்து நின்றுவிட்டதாகவும், அதைக் கண்ட நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்ததாகவும் என் பாட்டனார் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். நாவலரைப் போற்றும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரோ இது முழுக் கற்பனை என்கிறார். இரு தரப்பு நூல்களும் ஒன்றையொன்று அடியோடு மறுக்கின்றன. நடுநிலைக்காக இரண்டிலிருந்தும் பாதிப் பாதி எடுத்து எழுதிவிடலாமா?

மறுமொழி 1

பாதிப் பாதி எடுப்பது நடுநிலை ஆகாது, ஐயா. இரண்டு பிழைகளைக் கூட்டி இரண்டாக வகுத்தால் உண்மை வந்துவிடாது. அந்த வழக்கு எதைப் பற்றியது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்பதை எந்த நீதிபதியும் விசாரிக்கவில்லை. சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்பதே நாவலரின் முறையீடு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காத நூல் எத்தரப்பினுடையதாக இருந்தாலும், வழக்கைப் பற்றி அது சொல்லும் மற்றவற்றையும் நான் ஐயத்தோடுதான் படிப்பேன். அருட்பாவை எதிர்த்த நா. கதிரைவேற் பிள்ளையும் அதை ஆதரித்த செய்குத்தம்பிப் பாவலரும் எதிரெதிரே நின்ற பிற்காலப் பூசலை இதனோடு கலந்துவிடும் நூல்களும் உண்டு.

கண்டன நூல்களைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. 1869இல் வெளிவந்த ‘போலியருட்பா மறுப்பு’ நாவலருடையதாகவே கருதப்பட்டாலும், மாவண்டூர் தியாகேச முதலியார் பெயரில் அச்சானது. தேவார திருவாசகங்களுக்கு உரிய ‘அருட்பா’ என்னும் பெயரைச் சமகாலத்தவர் ஒருவரின் பாடல்களுக்குச் சூட்டியதை நாவலர் தரப்பு ஏன் பொறுக்கவில்லை என்பதை அறிய அதைவிட நேரடியான சான்று இல்லை. ஆனால் அடிகளின் நடத்தைக்கு அதையே சான்றாகக் காட்டினால் எதிர்வழக்காடுபவரின் வாதத்தையே தீர்ப்பாக எழுதியவர் ஆவீர்கள்.

மாறாக, தம்மை ‘இராமலிங்கசாமி’ என்று வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுவதால் தமக்குச் சம்மதமில்லை என்று அடிகள் தம் அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். அன்பர்கள் விரும்பி அழைத்த பெயரை அவரே விலக்கினார் என்று காட்டும் கடிதத்தை அந்த அன்பர்களே காத்து வந்திருக்கிறார்கள். தமக்கு உவப்பில்லாததை ஒருவர் மறைக்காமல் தரும்போது அதற்கு எடை கூடுகிறது.

மறுமொழி 2

அருகில் இருந்தவர் சொன்னார் என்பதும் போதாது என்று சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். 1867இல் திருவருட்பாவை முதலில் அச்சிட்ட தொழுவூர் வேலாயுத முதலியாரைவிட அடிகளை நெருங்கியறிந்தவர் அரியர். அவர் 1882இல் பிரம்மஞான சபையாருக்கு ஒரு வாக்குமூலம் அளித்தார். மெலிந்த உடலும் பெரிய கண்களும் விரைந்த நடையும் கொண்டவர் என்று தம் ஆசிரியரான அடிகளை அதில் அவர் வருணிக்கும் இடத்தை நான் தயங்காமல் ஏற்பேன். வெளிநாட்டார் வந்து இந்தியருக்கு ஞானம் உரைப்பர் என்று அடிகள் முன்பே கூறியதாக அவர் சொல்வதை அவ்வாறு ஏற்க இயலாது. அடிகள் மறைந்து எட்டு ஆண்டுகள் கழிந்த பிறகு, அமெரிக்கரும் ரஷ்யரும் தோற்றுவித்த ஒரு சபையிடம், அதன் வருகையையே முன்னறிவித்ததாகச் சொல்லப்பட்ட செய்தி அது. அவர் பொய் சொன்னார் என்று நான் கூறவில்லை. ஒரே மனிதரின் ஒரே வாக்குமூலத்தில் வரிக்கு வரி நம்பகம் மாறக்கூடும் என்கிறேன்.

மறுமொழி 3

நான் அடிகள் வகுத்த சன்மார்க்க வழியில் நிற்பவள். தைப்பூசத்துக்கு வடலூர் செல்லத் தவறுவதில்லை. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அடிகள் திருவறைக்குள் புகுந்து அருட்பெருஞ்ஜோதியில் கலந்தார் என்பது என் நம்பிக்கை. அதை வரலாற்றுச் செய்தியாக நீங்கள் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 1906ஆம் ஆண்டின் தென்னார்க்காடு மாவட்ட விவரத்தொகுப்பில் அதைத் தொகுத்த பிரான்சிஸ், அடிகள் அறையைத் தாழிட்டுக்கொண்டதையும் அதன்பின் எவரும் அவரைக் காணவில்லை என்பதையும் தம் கூற்றாகவும், இறைவனோடு ஒன்றானார் என்பதை அன்பர்களின் நம்பிக்கையாகவும் பிரித்து எழுதியிருக்கிறார். ‘நம்புகின்றனர்’ என்ற சொல் என்னைப் போன்றவர்களைச் சிறுமைப்படுத்துவதில்லை. அதே அளவுகோலை, அடிகள் கொல்லப்பட்டார் என்று எழுதுவோருக்கும் வைத்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர்களும் அக்காலச் சான்றைக் காட்டத்தான் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வழக்கைப் பற்றிய பத்தியை, முறையீட்டின் பொருளிலிருந்து தொடங்கித் திருத்தி எழுதிவிட்டேன். பாட்டனாரின் கதையை நீக்க மனம் வரவில்லை. ‘அன்பர்களிடையே வழங்கும் கதை’ என்ற முன்குறிப்போடு தனிப் பத்தியாக வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் யாழ்ப்பாணத்து நண்பரும் படித்துப் பார்க்கட்டும் என்று இன்று காலை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.