பழைய மாஸி 1035 கிளட்ச், கியர் பாக்ஸ்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

மாதவரம்:

எங்க தோப்பு ரெட்ஹில்ஸ் தாண்டி இருக்கு, மா, தென்னை, ஓரமா கொஞ்சம் மல்லி. அதுக்குள்ள ஓடறது அப்பா செகண்ட்ஸ்ல வாங்கின மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் ஒண்ணுதான். மரத்துக்கு நடுவுல பூந்து வர்றதுக்கு இந்த சைஸ் வண்டிதான் தோதா இருக்கு, பெரிய வண்டி வாங்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியும் நாங்க விடல. இது நம்ம ஊர் வண்டி வேற. இதச் செய்யற டேஃபே கம்பெனிய 1960ல சென்னைலதான் ஆரம்பிச்சாங்க, உள்ள இருக்கற மூணு சிலிண்டர் இன்ஜின் செம்பியம் சிம்ப்சனோடது, டிசைன் வழி பாத்தா இங்கிலாந்து கவென்ட்ரில செஞ்ச மாஸி 35ல இருந்து வந்தது.

இப்ப விஷயத்துக்கு வரேன். கியர் போடும்போது கரகரன்னு சத்தம் வந்தா போதும், பாக்கற மெக்கானிக் எல்லாம் கிளட்ச் போச்சு, வண்டிய பிரிச்சிடலாம்னு சொல்லிடறாங்க. தயவு செஞ்சு அவசரப்படாதீங்க. இந்த வண்டில கிளட்ச் மாத்தணும்னா இன்ஜினையும் கியர் பாக்ஸையும் ரெண்டா பிரிச்சாகணும், அது சின்ன வேலை இல்ல. அதுக்கு முன்னாடி பெடல கையால அமுக்கிப் பாருங்க, ஸ்பிரிங் தவிர எதுவும் தடுக்காம லேசா போற தூரம்தான் ஃப்ரீ ப்ளே, நிறைய டிராக்டர்ல ஒரு அங்குலம் கிட்ட இருக்கும், சரியான அளவு உங்க மாடல் மேனுவல்ல பாத்துக்கங்க. எங்க வண்டில அது ரொம்ப அதிகமா இருந்துச்சு, பெடலையும் கிளட்ச்சையும் இணைக்கற லிங்கேஜ் பின்னும் தேஞ்சு ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துடுச்சு, பெடல் ஷாஃப்ட்ல கிரீஸ் அடிக்கற நிப்பிள்ல மண்ணு அடைச்சு கிரீஸே உள்ள போகல. பின் மாத்தி, நிப்பிள் மாத்தி, ராட அட்ஜஸ்ட் பண்ணினதுமே சத்தம் போயிடுச்சு. பிரிக்கவே இல்ல.

ப்ளே அதிகமானா கிளட்ச் முழுசா விடாது, கியர் கரகரக்கும். ப்ளே இல்லாமப் போனா அதுக்கு நேர் எதிர், பெடல மிதிச்சா கிளட்ச்ச விடுவிக்கற ரிலீஸ் பேரிங் எப்பவும் கிளட்ச் விரல் (பிரஷர் பிளேட்ல இருக்கற சின்ன லீவர்) மேல உரசிக்கிட்டே இருக்கும், கிளட்ச் பிளேட் ஸ்லிப் ஆகும், இன்ஜின் சவுண்டு ஏறும் ஆனா வண்டி இழுக்காது, கருகின வாசனை வரும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, ஆனா ரெண்டையும் சேத்து "கிளட்ச் ப்ராப்ளம்"னு ஒரே பேர்ல சொல்லி பில் போட்டுடறாங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொண்ணு, பழைய 1035 ஸ்லைடிங் மெஷ் கியர், அதாவது பல்லுச் சக்கரமே நகந்து போய் கோத்துக்கும், கார்ல இருக்கற மாதிரி வேகத்த சமன் பண்ற சிங்க்ரோ எல்லாம் கிடையாது. வண்டி முழுசா நின்னு, பெடல மிதிச்சு, ரெண்டு மூணு செகண்ட் பொறுத்துத்தான் கியர் போடணும். புதுசா வர்ற டிரைவர் ஓட ஓட கியர் தள்ளுவாங்க, அந்தச் சத்தத்துக்கும் கிளட்சுக்கும் சம்பந்தமே இல்ல, பல்லுதான் உடையும்.

கிளட்ச்ச மூடியிருக்கற பெல் ஹவுசிங் அடியில ஒரு சின்ன ஓட்டை, அதுல ஒரு காட்டர் பின் தொங்கும், பாத்திருப்பீங்க. அது ஆடிக்கிட்டே இருக்கணும், அதுக்காகத்தான் அந்தப் பின்னையே போட்டிருக்காங்க. சேறு அடைச்சா உள்ள கசியற ஆயில் வெளிய வராம தேங்கி பிளேட்ட நனைச்சிடும். அங்க ஆயில் சொட்டினா விரல்ல தொட்டு மோந்து பாருங்க, கருப்பா இருந்தா இன்ஜின் பின்பக்க சீல், தெளிவா கியர் ஆயில் வாசனையோட இருந்தா கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். இத தெரிஞ்சுக்கிட்டு மெக்கானிக்கிட்ட போனா பாதி பேச்சு மிச்சம்.

உங்க வண்டில என்ன நடந்துச்சு சொல்லுங்க.

பொன்னேரி:

சார் நல்ல பதிவு. எங்க கதை தண்ணிக் கதை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல ஷெட்டுக்குள்ள தண்ணி ஏறி நம்ம வண்டி பின் ஆக்சில் வரைக்கும் மூழ்கி நின்னுச்சு, வடியறதுக்கு நாள் ஆச்சு. ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்னு பக்கத்து வீட்டுப் பசங்க வந்தாங்க, எங்க மாமா கிட்டயே விடல. மொதல்ல டிப்ஸ்டிக் எடுத்துப் பாத்தார், கியர் ஆயில் பால் டீ கலர்ல இருந்துச்சு. கியர் லீவர் பூட் கிழிஞ்சிருந்த வழியா தண்ணி போயிருக்கு.

மாமா செஞ்சது இதுதான். வண்டிய ஒரு ராத்திரி ஆடாம விட்டு, காலைல ட்ரெயின் ப்ளக்க மெதுவா லூஸ் பண்ணினா மொதல்ல வெறும் தண்ணிதான் வந்துச்சு, அப்புறம்தான் ஆயில். ப்ளக் ஒண்ணுக்கு மேல இருக்கும், எல்லாத்தையும் திறக்கணும், ஒண்ண மட்டும் திறந்துட்டு காலி ஆயிடுச்சுன்னு நினைக்கக்கூடாது. மலிவான ஆயில் ஊத்தி கொஞ்ச தூரம் ஓட்டி அதையும் வடிச்சிட்டு, அப்புறம் நல்ல ஆயில். இந்த வண்டில பின்னாடி கருவியத் தூக்கற ஹைட்ராலிக்கும் அதே ஆயில்லதான் வேலை செய்யுது, அதனால தண்ணி கலந்தா பல்லு மட்டும் இல்ல, லிஃப்ட் பம்பும் போயிடும்.

ஆனா கிளட்ச் விடவே இல்ல, பிளேட் துரு பிடிச்சு இன்ஜின் பின்னாடி சுத்தற ஃப்ளைவீல் சக்கரத்துல ஒட்டிக்கிச்சு. பிரிக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க. மாமா ஆள் இல்லாத திறந்த வெளில, இன்னொரு டிராக்டர்ல கட்டி இழுக்க வெச்சு, டாப் கியர்ல, கிளட்ச் பெடல அமுக்கிப் புடிச்சுக்கிட்டே பிரேக்க விட்டு விட்டு மிதிச்சார். டப்புனு ஒரு சத்தம், விட்டுடுச்சு. பின்னாடி முன்னாடி யாரையும் நிக்க விடாதீங்க, விடும்போது வண்டி எகிறும்.

இப்பல்லாம் ஐப்பசி வந்து வண்டிய நிறுத்தினா பெடல அமுக்கி ஒரு கட்டைய வெச்சு முட்டு குடுத்துடறோம். பிளேட் ஒட்டாது.

திருப்போரூர்:

என்னுது டூயல் கிளட்ச் அண்ணா, அதப் பத்தி யாரும் சொல்லலையேன்னு எழுதறேன். பாதி மிதிச்சா வண்டி நிக்கணும், பின்னாடி மண்ணக் கிளறற ரோட்டவேட்டர் சுத்தணும், முழுசா மிதிச்சா ரெண்டும் நிக்கணும். என் டிரைவருக்கு இது தெரியாம எப்பவும் பாதில கால வெச்சே சேடை (நடவுக்கு வயல சேறாக்கறது) ஓட்டிட்டார், மெயின் பிளேட் லைனிங் ரிவெட் வரைக்கும் தேஞ்சு ஃப்ளைவீல்ல கோடு விழுந்துடுச்சு. பிரிச்சுத்தான் ஆகணும்ங்கற நிலைமை. பிரிக்கும்போது எதெல்லாம் மாத்தணும், கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

மாதவரம்:

தம்பி, ரிவெட் தொட்டிருந்தா பிரிக்கறதுதான் சரி, யோசிக்காதீங்க. பிரிக்கறதுலதான் கூலி, உள்ள போடற சாமான்ல இல்ல, அதனால ஒரு தடவை திறந்தா ரெண்டு பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இன்புட் சீல், இன்ஜின் பின் சீல் எல்லாத்தையும் சேத்து மாத்திடுங்க. பிரஷர் பிளேட்ல ஸ்பிரிங், விரல் பாத்து முடிவு பண்ணுங்க. பேரிங், சீல் எல்லாம் பழசுல இருக்கற நம்பரக் குறிச்சுட்டு சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் போனா கிடைச்சிடும். ஃப்ளைவீல அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் லேத்ல குடுத்து மேல்பரப்ப லேசா சீவி ஸ்கிம் பண்ணச் சொல்லுங்க, கோடு இருக்கற ஃப்ளைவீல்ல புது பிளேட் போடறது காசைக் கொண்டு போய்க் கொட்டறதுதான்.

பிரிக்கறதுக்கு முன்னாடி முன் ஆக்சிலுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் மர ஆப்பு அடிக்கச் சொல்லுங்க. அந்த ஆக்சில் நடுவுல ஒரு பின்னுல ஆடற ஆக்சில், ஆப்பு இல்லாம பிரிச்சா இன்ஜின் பக்கம் அப்படியே சாஞ்சிடும், ஆள் மேல விழுந்தா அவ்வளவுதான். மண் தரைல பண்ண விடாதீங்க, சிமெண்ட் தரைதான்.

பிளேட்ட சென்டர் பண்ண டம்மி ஷாஃப்ட் இருக்கான்னு மெக்கானிக்கிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க, கிளட்ச்சோட மூணு விரலும் ஒரே உயரத்துல இருக்கறத கேஜ் வெச்சு பாக்கச் சொல்லுங்க. சேக்கும்போது கூடவே நில்லுங்க. கடைசி அரை அங்குலம் மூடலன்னா போல்ட்ட டைட் பண்ணி இழுப்பாங்க, அத மட்டும் விடாதீங்க, பிளேட் ஹப் வளையும், ஹவுசிங் கூட கிராக் விடும். ஃப்ளைவீல கொஞ்சம் கொஞ்சமா திருப்பினா ஷாஃப்ட்ல இருக்கற ஸ்ப்ளைன் பல்லு பிளேட்டோட பொருந்தி தானா மூடும், நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

எல்லாம் முடிஞ்சதும் அந்த டிரைவரையே உக்கார வெச்சு, ரோட்டவேட்டர தூக்கி வெச்சு, பாதி மிதி எங்க முழு மிதி எங்கன்னு கால்ல தெரியற வரைக்கும் காட்டிடுங்க. புது லைனிங் செட் ஆனதும் ப்ளே குறையும், அதனால கொஞ்ச மணி நேரம் ஓட்டினதும் திரும்பவும் செக் பண்ணி அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க.