ஃபர்ம்வேர் மாற்ற 8 மாதம் ஆகும். அதுவரை பிஎல்சியைக் காப்பது எப்படி?

கேள்வி:
பம்ப் ஹவுஸில் 12 வருடமாக ஓடும் பிஎல்சி (பம்புகளை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி). எச்எம்ஐயோடு (ஆபரேட்டரின் திரை) மோட்பஸ் டிசிபி என்ற நெட்வொர்க் மொழியில் பேசுகிறது. பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, புது ஃபர்ம்வேர் (உள்ளிருக்கும் அடிப்படை மென்பொருள்) போடுங்கள் என்று அறிவிப்பு வந்துவிட்டது. அடுத்த ஷட்டவுனுக்கு இன்னும் 8 மாதம். பாஸ்வேர்டு போட்டிருக்கிறோம், அது போதுமா?

பதில் 1:
போதாது. மோட்பஸ் 1979-ல் வந்தது. கேட்பவர் யார் என்று பார்க்கும் பழக்கமே அதற்குக் கிடையாது. அதன் நெட்வொர்க் வாசலான போர்ட் 502-ஐ எட்டிவிட்டால், பிஎல்சி தன் மதிப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்டரில் எவரும் எழுதலாம். உங்கள் பாஸ்வேர்டு பெரும்பாலும் லேடர் லாஜிக்கைத்தான் (பிஎல்சியின் புரோகிராம்) காக்கும், செட்பாயின்டை (பம்ப் எந்த அளவில் இயங்க வேண்டும் என்ற மதிப்பு) அல்ல. அதனால் முன்னால் ஒரு ஃபயர்வால் வைத்து, எச்எம்ஐயின் ஐபிக்கு மட்டும் 502-ஐத் திறந்துவிடுங்கள்.

அப்புறம் பேனலைத் திறந்து, பிஎல்சியை ரன், ரிமோட், புரோகிராம் என்று நிலை மாற்றும் சாவியைப் பாருங்கள். அது ரன்னில் இருக்க வேண்டும். 2017-ல் சவூதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் டிரைகோனெக்ஸ் கன்ட்ரோலருக்குள் டிரைட்டான் மால்வேர் புகுந்தபோது, சாவி புரோகிராம் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்த வேண்டிய பெட்டியே அதுதான்! இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

பேனலைத் திறக்கும்போது கேபிள் டக்டுக்குப் பின்னாலும் கைவிட்டுப் பாருங்கள். நான் ஒரு முறை அங்கே 4ஜி மோடம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கம்மிஷனிங்குக்கு (முதலில் அமைத்து ஓட்டிப் பார்க்க) வந்தவர்கள் விட்டுப்போனது. ஆறு வருடம் கழித்தும் சிம் வேலை செய்துகொண்டிருந்தது. எந்த டிராயிங்கிலும் அது இல்லை.

பதில் 2:
மோடம் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது பிஎல்சியை இணையத்துக்குத் திறந்துவிடலாம். 2023 நவம்பரில் பென்சில்வேனியாவின் அலிக்விப்பா குடிநீர் அமைப்பில் யூனிட்ரானிக்ஸ் பிஎல்சி தாக்கப்பட்டு, ஊழியர்கள் பம்புகளைக் கையால் இயக்க வேண்டி வந்தது. அதன்பின் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா சொன்ன அறிவுரையில் முக்கியமானவை இரண்டு: 1111 என்ற ஆரம்ப பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிஎல்சியை இணையத்திலிருந்து துண்டித்துவிடுங்கள்.

கேட்டவர்:
மோடம் எதுவும் இல்லை. சாவி ரிமோட்டில் இருக்கிறது. ரன்னுக்குத் திருப்பினால் பம்ப் நின்றுவிடுமா?

பதில் 1:
இப்போது ரிமோட் ரன்னில் (சாவி ரிமோட்டில் இருந்தபடியே லாஜிக் ஓடும் நிலை) ஓடுகிறது என்றால் பொதுவாக நிற்காது. உங்கள் மாடலின் மேனுவலில் ஒரு முறை சரிபாருங்கள். தவறிப்போய் புரோகிராம் பக்கம் திருப்பினால் லாஜிக் நின்றுவிடும். எனவே ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு, பம்ப் ஓய்வில் இருக்கும் நேரம் செய்யுங்கள். அதற்கு முன் ஓடும் லாஜிக்கை பிஎல்சியிலிருந்து உங்கள் கணினிக்கு அப்லோட் செய்து பழைய பேக்கப்போடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் சாவியைத் தொடாதீர்கள், எந்த ரங் (லேடர் லாஜிக்கின் ஒரு வரி) என்று இங்கே எழுதுங்கள்.