ராத்திரி நாலு தடவை எழுந்து யூரின் போகிறேன், சுகர் இல்லை. வேறு என்னவாக இருக்கும்?

நெல்லை_ஜவுளி:
வணக்கம். வயது 53. ஜவுளிக்கடையில் வேலை, காலை பத்து மணியிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நின்றபடியேதான். ஆறேழு மாதமாக ராத்திரி படுத்தால் குறைந்தது நாலு தடவை எழுந்து யூரின் போக வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு, இரண்டு, மூன்றரை, ஐந்து என்று ஏதோ ஷிப்டு போட்ட மாதிரி. பகலில் இந்தத் தொந்தரவே இல்லை, கடையில் இருக்கும்போது மூன்று நாலு தடவை போனால் அதிகம். எரிச்சல், காய்ச்சல் எதுவும் கிடையாது.

வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சுகர்தான் என்றார்கள். போய்ப் பார்த்தேன், வெறும் வயிற்றில் 96, மூன்று மாத சராசரி 5.5. அதுவும் இல்லை என்றானதும் மெடிக்கல் ஷாப் தம்பி பிராஸ்டேட்டாக (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) இருக்கும், மாத்திரை தரவா என்கிறார். வாங்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருந்து பார்த்தேன், நாக்கு வறண்டதுதான் மிச்சம், நாலு தடவை நாலு தடவையாகவே இருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குச் சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போனேன். திருச்சி வருவதற்குள் இரண்டு முறை டிரைவரிடம் போய் நின்று வண்டியை ஓரங்கட்டச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மூன்றாவது முறை எழுந்தபோது பின் சீட்டில் ஒருவர் சிரித்தது காதில் விழுந்தது. இனி ரயில்தான் என்று முடிவு செய்துவிட்டேன். யாருக்காவது இப்படி இருந்து சரியாகி இருக்கிறதா?

தோட்டத்து_வைத்தியம்:
அண்ணே, உடம்புச் சூடுதான். காலையில் வாழைத்தண்டு சாறு, சாயங்காலம் பார்லி கஞ்சி, ஒரு மண்டலம் குடித்துப் பாருங்கள்.

வார்டு_சிஸ்டர்:
சாயங்காலம் பார்லி கஞ்சியா! ஏற்கெனவே நாலு தடவை எழுந்திருக்கிறவரை ஆறு தடவை எழுப்பவா? நீர் பிரிய வேண்டும் என்பதற்காகக் குடிக்கிற ஐட்டம் அது தம்பி.

சார், யூராலஜி வார்டில் பதினெட்டு வருஷம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன், "எத்தனை தடவை" என்று மட்டும் எண்ணினால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது என்று அளந்தால்தான் தெரியும். அடிக்கடி யூரின் வருவதற்குப் பின்னால் இரண்டு வேறு வேறு கதை இருக்கிறது. ஒன்று, கிட்னி யூரினை அதிகமாக உற்பத்தி செய்கிறது. இன்னொன்று, அளவு சாதாரணம்தான், ஆனால் சிறுநீர்ப்பை அதைத் தாங்க மாட்டேன் என்கிறது அல்லது முழுசாகக் காலியாக மாட்டேன் என்கிறது. சுகர் முதல் வகை. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால் கிட்னியால் அதைப் பிடித்து வைக்க முடியாமல் யூரினில் விட்டுவிடும், அது போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் தாகமும் கூடவே வருகிறது. உங்களுக்கு அது இல்லை.

ஒரு பழைய பிளாஸ்டிக் ஜாடி, மில்லி கோடு போட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, என்ன குடித்தீர்கள், ஒரு நோட்டில் எழுதுங்கள். கடையில் அளக்கச் சிரமமென்றால் ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள். படுத்த பிறகு போனது எல்லாம், காலையில் எழுந்ததும் போகிற முதல் யூரின் உட்பட, ராத்திரிக் கணக்கு. சாதாரணமாகப் பெரியவர்களுக்கு நாள் முழுக்க ஒன்றரை, இரண்டு லிட்டர் வரும், மூன்று லிட்டரைத் தாண்டினால் அது வேறு விசாரணை.

அப்புறம் மூன்று கேள்வி. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? சாயங்காலம் கால் வீங்குகிறதா? குறட்டை உண்டா? (இதை வீட்டில் கேளுங்கள், உங்களுக்குத் தெரியாது.)

பழைய_கண்டக்டர்:
தம்பி, எனக்கு 66. என்னுடையது பிராஸ்டேட்தான், ஆனால் அது உங்களைப் போல் இருக்கவில்லை. போய் நின்றால் உடனே வராது, ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வந்தால் நூல் மாதிரி, விட்டு விட்டு. முடித்து வேட்டியைச் சரி செய்வதற்குள் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரி தோன்றும். பகலிலும் அதே கதைதான். பஸ் ஸ்டாண்டு கழிப்பிடத்தில் பக்கத்தில் நாலு பேர் வந்து போய்விடுவார்கள், நான் மட்டும் நின்றுகொண்டிருப்பேன்.

ஸ்கேன் பார்த்து டாம்சுலோசின் கொடுத்தார்கள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. நல்ல மாத்திரைதான், ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. முதல் இரண்டு நாள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்ததும் தலை சுற்றிக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், அதனால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து எழுந்திருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். கண்புரை ஆபரேஷன் செய்யப் போகிறவர்கள் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும், ஆபரேஷனின்போது கண்ணின் பாப்பா சரியாக விரிந்து நிற்காதாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இரண்டு வருஷத்துக்கு முன் மார்கழியில் ஜலதோஷம், கடையில் கேட்டு ஒரு சளி மாத்திரை வாங்கிப் போட்டேன். அன்று ராத்திரி யூரின் அடியோடு அடைத்துக்கொண்டது. அடிவயிறு பானை மாதிரி. விடியற்காலை ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு எடுத்தபோது கிட்டத்தட்ட ஒரு லிட்டர். பிராஸ்டேட் உள்ளவர்கள் மூக்கடைப்புக்குக் கொடுக்கிற மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள்.

எட்டாம்_வகுப்பு_டீச்சர்:
எனக்கு இதற்கு நேர் எதிர். ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன், பகலில்தான் பாடு. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை, போனால் ஒரு டம்ளர்கூட இருக்காது, ஆனால் வரும்போது அடக்கவே முடியாத அவசரம். சாவியை எடுத்து வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் அதிகம், ஏனென்று இன்றுவரை புரியவில்லை. எங்கள் பள்ளியில் டீச்சர்களுக்கு இருக்கிற ஒரே கழிப்பறை இருக்கிற நிலைமையில் நாங்கள் பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை. அது இன்னும் மோசம், யூரின் அடர்த்தியாகிப் பையை உறுத்தும், கிருமித் தொற்றும் சேரும். கல்ச்சர் டெஸ்ட் எடுத்ததில் எனக்குத் தொற்று இல்லை, பை தேவையில்லாமல் சுருங்குகிறது என்றார்கள்.

மாத்திரைக்கு முன் பயிற்சி சொன்னார்கள். அவசரம் வந்ததும் ஓடக் கூடாது. உட்கார்ந்து, அடிப்பக்கத் தசையை நாலைந்து முறை இறுக்கி விட்டு, மனதில் பதினேழாம் வாய்ப்பாடு. (எனக்குப் பதினேழு எப்போதும் தகராறு, அதனால் கவனம் அங்கே போய்விடும்.) அந்த அலை அடங்கிய பிறகு நிதானமாக எழுந்து போக வேண்டும். முதல் வாரம் பத்து நிமிஷம் தள்ளிப்போட்டேன், பிறகு கால் மணி, அப்படியே நீட்டிக்கொண்டு போய் இரண்டு மாதத்தில் இரண்டரை மணி நேரம் வந்தது. காபியை மூன்றிலிருந்து ஒன்றாக்கினேன். மலச்சிக்கலையும் கவனிக்கச் சொன்னார்கள், நிறைந்த குடல் பையை அழுத்துமாம். "எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாம்" என்று வராதபோதும் போகிற பழக்கம் இருக்கிறதே, அதை விடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நெல்லை_ஜவுளி:
சிஸ்டர், மூன்று நாள் அளந்துவிட்டேன். ஜாடியைக் கழிப்பறையில் பார்த்துவிட்டு மனைவி கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. மூன்று நாளும் ஏறக்குறைய ஒன்றுதான். நேற்றைய கணக்கு: பகலில் நாலு தடவை, மொத்தம் 760 மில்லி. ராத்திரி 310, 280, 330, 250, காலையில் எழுந்ததும் 200. ராத்திரி மட்டும் 1370! குடித்தது இரண்டு லிட்டர்.

மாத்திரை: பிரஷருக்கு அம்லோடிபைன், போன தீபாவளிக்குப் பிறகு 5லிருந்து 10 ஆக்கினார்கள். கால் வீக்கம் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் நீங்கள் கேட்ட பிறகு பார்த்தேன், ராத்திரி சாக்ஸைக் கழற்றினால் ரப்பர் இருந்த இடத்தில் பள்ளம், விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாகத்தான் நிரம்புகிறது. குறட்டை இல்லை என்று வீட்டில் சான்றிதழ் கிடைத்தது.

வார்டு_சிஸ்டர்:
பாருங்கள் சார், உங்கள் பை தங்கமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் 300 பக்கம் பிடிக்கிறது. நாள் முழுக்க வந்தது 2130, அதில் ராத்திரியில் மட்டும் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனாலே ராத்திரியில் கிட்னி அதிகம் வேலை செய்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பிராஸ்டேட் மாத்திரை வாங்காமல் வந்தது நல்லதாகப் போயிற்று.

பகல் முழுக்க நிற்கிறீர்கள், தண்ணீர் காலில் இறங்கித் தங்குகிறது. அம்லோடிபைன் கால் வீக்கம் தரக்கூடியது, 10 மில்லிகிராமில் அது இன்னும் அதிகம். படுத்ததும் அந்தத் தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது, கிட்னி அதை வெளியே தள்ளுகிறது. ஆறு மணிக்கு மேல் நீங்கள் எவ்வளவு தாகத்தோடு கிடந்தாலும் காலில் இருக்கிற தண்ணீர் வரத்தான் செய்யும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அந்த வேலை மட்டும் வேண்டாம். நோட்டோடு டாக்டரிடம் போய்க் காலைக் காட்டுங்கள். கால் வீக்கம் இருதயத்தாலும் கிட்னியாலும் வரலாம் என்பதால் கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்), யூரினில் புரதம், ஈசிஜி பார்ப்பார்கள். மதியம் சாப்பாட்டு நேரத்திலும் வீட்டுக்கு வந்ததும் அரை மணி காலை உயர்த்திப் படுங்கள், தூங்குவதற்கு முன்பே அது வெளியே போய்விடும். அப்புறம் உப்பு. 2017இல் நாகசாகி பல்கலைக்கழக டாக்டர்கள் முந்நூறு பேருக்கு மேல் வைத்துப் பார்த்ததில், நாளுக்கு 10.7 கிராம் உப்பை 8 கிராமாகக் குறைத்தவர்களுக்கு ராத்திரி எழுவது சராசரி 2.3இலிருந்து 1.4 ஆனது. ராத்திரி தயிர் சாதத்துக்கு ஊறுகாய், அப்பளம் உண்டா?

படிக்கிற மற்றவர்களுக்கும்: யூரினில் ரத்தம், குளிர் காய்ச்சலோடு விலாவில் வலி, அடியோடு அடைப்பு, இந்த மூன்றில் எது வந்தாலும் ஜாடி, நோட்டு எல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

நெல்லை_ஜவுளி:
உண்டு சிஸ்டர். இரண்டும் உண்டு.

நெல்லை_ஜவுளி (ஐந்து வாரம் கழித்து):
டெஸ்டுகள் எல்லாம் நார்மல். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அம்லோடிபைனை மறுபடி 5 ஆக்கி, கூட வேறொரு பிரஷர் மாத்திரை சேர்த்தார். பிரஷர் 130/80இல் நிற்கிறது. கடையில் பில் போடும் இடத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு, கூட்டமில்லாத நேரத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன், முதலாளி முதலில் முறைத்தார், இப்போது அவரும் வைக்கிறார். ஊறுகாயை விட்டுவிட்டேன், அப்பளம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். இப்போது ராத்திரி ஒரு தடவை, சில நாள் இரண்டு. அடுத்த வாரம் சென்னைக்கு, பஸ்ஸில்தான் டிக்கெட் போட்டிருக்கிறேன்.