ஊசி இறங்கியது, நாங்கள் சந்தோஷப்பட்டோம்: பழைய டீசல் ஜீப் கொதித்த அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

பச்சைப் பஜேரோ

பஜேரோ ஜீப்பில் 4டி56 டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு அதன் ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல் பாகத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இரும்பு பிளொக்கின் மேல் அலுமினிய ஹெட். ஒரு முறை கொதிக்க விட்டால் போதும், ஹெட் வெடித்துவிடும். இது தெரிந்துதான் வாங்கினேன். தெரிந்தும் நடந்துவிட்டதே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

சித்திரை மாதம், உச்சி வெயில். கிளிநொச்சியில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் அப்பா, பின்னால் அம்மாவும் பெரியம்மாவும். ஏசி முழுதாகப் போட்டிருந்தது. ஆனையிறவு தாண்டும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி நடுக்கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. சிவப்புக்கு இன்னும் தூரம் இருந்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. ஏசியை நிறுத்தி, வேகத்தைக் குறைத்தேன். இயக்கச்சிக்குக் கிட்ட ஊசி இறங்கத் தொடங்கியது. நடுக்கோட்டுக்கு வந்தது, பிறகு அதற்கும் கீழே போனது. அப்பாவின் கண் அதிலேயே இருந்தது. "இறங்குகிறது தம்பி, இனிப் பயமில்லை" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பெரியம்மா வேர்த்துக் களைத்திருந்ததால் ஏசியை மறுபடி போட்டேன்.

எஞ்சின் ஆறியதால் ஊசி இறங்கவில்லை. ரேடியேற்றருக்குப் போகும் மேல் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் வீதியில் கொட்டிவிட்டது. சென்சர் தண்ணீருக்குள் அமிழ்ந்து நின்றால்தான் உண்மையைச் சொல்லும். தண்ணீர் போன பிறகு அது காட்டியதெல்லாம் பொய்க் கணக்கு. பளைக்குக் கிட்ட எஞ்சின் சத்தம் மாறி, தட்டல் ஒலி காய்ந்து கேட்ட பிறகுதான் ஓரங்கட்டினேன். பொனற்றைத் திறந்தபோது ஆவி பொங்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆவியே இல்லை. கருகிய பெயின்ற் மணம் மட்டும் வந்தது.

ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக், வால்வுகளுக்கு நடுவே என் விரலைப் பிடித்து நகத்தால் தடவ வைத்தார். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு நகத்தில் தட்டுப்பட்டது. ஊசி ஏறினால் பயப்படுவதற்கு எல்லோருக்கும் தெரியும். இறங்கினால்?

சங்கானை 3எல்

பஜேரோ, ஹோஸ் வெடித்தது பிறகு. அதற்கு முன் ஊசி ஏன் நடுக்கோட்டைத் தாண்டியது? ரேடியேற்றரைத் திறந்து பார்த்தீர்களா?

என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப், 3எல் எஞ்சின். நகரத்துக்குள் ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. வெங்காய மூட்டை ஏற்றி ஏ9 வீதியில் 80ஐத் தொட்டால் ஊசி எழும்பும். வோட்டர் பம் மாற்றினேன், பெல்ற் மாற்றினேன், ரேடியேற்றர் மூடி மாற்றினேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் ரேடியேற்றர் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஈயத்தை உருக்கி மேல் தொட்டியைப் பிரித்தார். உள்ளே பார்ப்பதற்கு முன்னமே என்னிடம் கேட்டார்: "தம்பி, வீட்டில் தண்ணீர் சுட வைக்கும் கேத்தில் இருக்கிறதா? அதற்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா?"

அவ்வளவுதான். ஆறு வருடமாக நான் ஊற்றியது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். நம் யாழ்ப்பாண நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதே, அதே பொருக்கு ரேடியேற்றரின் குழாய்களுக்குள். பாதிக் குழாய்களில் ஒரு ஈர்க்குக்கூடப் போகவில்லை. மனைவி கேத்திலுக்குத் தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவுவதை மாதாமாதம் பார்க்கிறேன். ஒருநாளும் வண்டியோடு அதைச் சேர்த்து நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததும் பிழைதான். ஒவ்வொரு குழாயாகக் கம்பி விட்டுத் துப்புரவாக்க இரண்டு நாள் வேண்டும் என்றார் பெரியவர். எனக்கு அவசரம். வேறொரு இடத்தில் அசிற் விட்டுக் கழுவினேன். பொருக்குப் போனது. மூன்றாம் கிழமை ரேடியேற்றர் முழுக்க ஊசித்துளை. ஓட்டைகளை அதுவரை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தப் பொருக்குத்தான் போலிருக்கிறது.

இப்போது கூலன்றைக் கலப்பது மழைத்தண்ணீரில். மாரியில் முதல் இரண்டு மழையில் கூரை கழுவுப்படட்டும் என்று விட்டுவிட்டு, அதன் பிறகு பிடித்து வைக்கிறேன்.

ஏ40 வீட்டுப் பிள்ளை

எல்லோரும் ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்? ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகும் வழியில் இருக்கும் தெர்மோஸ்ராற் வால்வைக் கழற்றி எறியுங்கள். அது குளிர் நாட்டுக்காரனுக்குச் செய்த சாமான். யாழ்ப்பாணத்தில் எஞ்சினைச் சூடாக்க அது எதற்கு? என் அப்பா யுத்த நேரத்து எரிபொருள் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். முதலில் கழற்றியது தெர்மோஸ்ராறைத்தான். ஒருநாளும் கொதித்ததில்லை. என் ட்றூப்பர் ஜீப்பிலும் கழற்றிவிட்டேன். வெயிலில் கொஞ்சம் ஏறும், அது வயதான எஞ்சின்தானே.

ஓய்வூதியன்

தம்பி ஏ40, உங்கள் அப்பா மேல் எனக்கு மரியாதை உண்டு. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறையில் நானும் ஒருவன். ஆனால் "வெயிலில் கொஞ்சம் ஏறும்" என்று நீங்களே எழுதிவிட்டீர்களே.

என் கதை சிறியது. 1998ஆம் ஆண்டு மொடல் பஜேரோ ஒன்றை வாங்கினேன். முந்தைய சொந்தக்காரர் தெர்மோஸ்ராறைக் கழற்றியிருந்தார். சாவகச்சேரிக்குப் போவதற்குள் கொதித்தது. புதிதாக ஒன்று போட்டேன், கொதிப்பது நின்றது. கதை முடிந்தது.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் தெர்மோஸ்ராறை எறியாமல் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். அடியில் சிறியதாக இன்னொரு தட்டு இருக்கிறதா? இருந்தால் அதற்கு இரண்டு வேலை. சூடானதும் மேல் தட்டு ரேடியேற்றருக்குப் போகும் வழியைத் திறக்கிறது. அதே நேரம் அடித் தட்டு, தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை அடைக்கிறது. பல ஜப்பானிய டீசல்களில் இந்த அமைப்புத்தான். கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீருக்கும் நம்மைப் போலத்தான், கிட்டிய பாதை இருக்கும்போது சுற்றுப் பாதையில் போகாது. சுடுதண்ணீரின் ஒரு பங்கு ஆறாமலே திரும்பிப் போகிறது. குளிர்ந்த காலையில் எஞ்சின் சூடாகவே மாட்டேன் என்கும், வெயிலில் சுமையோடு போனால் கொதிக்கும். உங்கள் ட்றூப்பர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சந்தேகம் என்றால் அடுப்பில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்ராறை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பாத்திரத்தில் முட்டக்கூடாது. பெரும்பாலும் அதன் மேலேயே 82 அல்லது 76.5 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் வாய் திறக்க ஆரம்பித்தால் நல்லது. கொதித்தும் திறக்கவில்லை என்றால் அப்போது எறியுங்கள். வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டுப் பாத்திரத்தை எடுக்கவும். நான் கேட்கவில்லை.

இன்னும் சில விடயங்கள், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி உண்டு. அங்கே புல் விதை, பூச்சி, செம்மண் எல்லாம் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருக்கும். முன்னால் நின்று தண்ணீர் அடித்தால் அது இன்னும் இறுகும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் அடிக்க வேண்டும். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் வளையத்தை இடைஞ்சல் என்று கழற்றும் கராஜ்கள் உண்டு. அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேற்றருக்குள்ளால் காற்றை இழுக்காது, நின்ற இடத்துக் காற்றையே கலக்கும். டீசல் பம்பில் அளவைக் கூட்டிவிட்டு, "இப்போது இழுக்கிறது பார்" என்று ஓட்டுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: பின்னால் போகும் கறுப்புப் புகை, அரைகுறையாய் எரிந்த டீசலின் கரி. எரிந்த மிச்சம் உங்கள் ஹெட்டுக்குத்தான் சூடு.

கட்டைவேலி

ஓய்வூதியன் ஐயா விசிறியைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டார். என்னை மாட்டியது விசிறிதான்.

கனடாவிலிருந்து வந்த மச்சான் மணற்காட்டு மணல் மேட்டைப் பார்க்க வேண்டும் என்று நின்றான். என்னுடையது நிஸான் பற்றோல் ஜீப், டிடி42 டீசல் எஞ்சின். இதைக் கொதிக்க வைக்க முடியாது என்று அடித்துச் சொல்லி விற்றிருந்தார்கள். ஆனி மாதம், சோளகம் வீசிக்கொண்டிருந்தது. வல்லிபுரக் கோயிலடியில் ரயர்க் காற்றைக் குறைத்துக்கொண்டு மணலுக்குள் இறங்கினோம். காற்று பின்னாலிருந்து தள்ளியது. மச்சான் அதை "நல்ல சகுனம்" என்றான்.

நல்ல சகுனமா! வண்டி மெதுவாக ஊர்கிறது, காற்றும் அதே திசையில் போகிறது. ரேடியேற்றருக்குள் காற்றே இல்லை. எல்லாம் விசிறியின் தலையில். நானோ மெதுவாக, பலமாக இழுக்கும் லோ கியரில் போடாமல் ஹையிலேயே இரண்டாம் கியரில் முக்கவைத்துக்கொண்டிருந்தேன். லோவில் போட்டிருந்தால் எஞ்சின் இலேசாகச் சுற்றியிருக்கும், வோட்டர் பம்மும் விசிறியும் வேகமாகச் சுழன்றிருக்கும். பத்து நிமிடத்தில் ஊசி சிவப்பில்.

வண்டியைக் காற்றைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டேன். இது தற்செயலாக வந்த புத்தி. கண்ணாடிகளை இறக்கி ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டேன். அதுவும் ஒரு சிறிய ரேடியேற்றர்தானே. மச்சான் "பைத்தியமா உனக்கு" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடினான். ஊசி ஒரு நூல் இறங்கியது. (பஜேரோ எழுதியதை அன்றைக்கே படித்திருந்தால், அந்த ஒரு நூலுக்கும் பயந்திருப்பேன்.)

கொஞ்சம் ஆறியதும் சூட்டோடேயே எஞ்சினை நிறுத்திவிட்டு விசிறியை ஒரு விரலால் தட்டினேன். பனையோலைக் காற்றாடி போலச் சுற்றியது. நாலு சுற்று, ஐந்து சுற்று. இன்னும் நிற்கவில்லை. அந்தக் காட்சிதான் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. விசிறிக் கிளச்சுக்குள் சிலிக்கன் எண்ணெய் இருக்கும். சூட்டுக்கு அது விசிறியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். சூடான எஞ்சினை நிறுத்திக் கையால் சுற்றினால் ஒரு சுற்றுக்கூட முழுதாகப் போகக்கூடாது. என்னுடையதில் எண்ணெய் எப்போதோ ஒழுகி, கிளச்சின் முகத்தில் கறுப்பாகத் தூசி பிடித்திருந்தது. ஒவ்வொரு கிழமையும் எண்ணெய் பார்க்கப் பொனற்றைத் திறப்பவன் நான். அந்தக் கறுப்பு என் கண்ணில் பட்டே இருக்கிறது.

நாவற்குழி

ஓய்வூதியன் ஐயா இவ்வளவு எழுதினார், ரேடியேற்றர் மூடியைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லோரும்போல நிறுத்தினோம். பிள்ளைகளுக்குக் கச்சான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குறைந்திருக்கும் என்று தம்பி பொனற்றைத் திறந்தான். "ஆறட்டுமே" என்று சொல்ல வாயெடுத்தேன். சின்னவள் கச்சான் சரையைக் கொட்டிவிட்டு அழத் தொடங்க, அவள் பக்கம் திரும்பிவிட்டேன். துவாயை நாலாக மடித்து மூடியில் வைத்துத்தான் திருகினான். மூடி பொனற்றில் மோதிய சத்தம் தேங்காய் உடைத்தது போல இருந்தது. அங்கே தேங்காய் உடைபடுவது வழக்கமான சத்தம், அதனால் நான் உடனே திரும்பவில்லை.

தேங்காய் விற்ற ஐயா ஒருவர் அவனைத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துக்கொண்டுபோய், நெடுநேரம் கையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தார். டொக்டர் பிறகு அதைத்தான் மெச்சினார். தம்பி இப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறான். கலியாணப் படத்திலும்.

ஓய்வூதியன்

நாவற்குழிப் பிள்ளை, என் பிழைதான். முதலில் எழுதியிருக்க வேண்டியது அது. மூடியில் அழுத்தம் 0.9 என்று பொறித்திருந்தால், உள்ளே தண்ணீர் ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகி அழுத்தம் போன கணத்தில் அந்தத் தண்ணீர் அப்படியே ஆவியாகக் கிளம்பும். துவாய் எதற்கும் காணாது. மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அது கல்லுப்போல இருக்கும் வரை மூடியைத் தொடவேண்டாம். ஆறிய பிறகும் பச்சைத் தண்ணீரை மளமளவென்று ஊற்றக்கூடாது. எஞ்சினை ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். தம்பிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

பச்சைப் பஜேரோ

சங்கானை அண்ணை, ரேடியேற்றரைத் திறந்தேன். நீங்கள் சொன்னபடியே வெள்ளைப் பொருக்கு. ஹெட் புதிதாகப் போட்ட பிறகும் அதே ரேடியேற்றரைத்தான் போட்டிருந்தார்கள், நானும் கேட்கவில்லை. இப்போது கம்பி விட்டுத் துப்புரவாக்கக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் குறைந்தால் கத்தும் சென்சர் ஒன்றும் மேல் தொட்டியில் போட்டாயிற்று. அப்பாவுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்துக் காட்டினேன். "ஊசியைக் கழற்றிவிடு, அது பொய் சொல்லும்" என்கிறார்.

ஏ40 வீட்டுப் பிள்ளை

அடியில் இரண்டாவது தட்டு இருக்கிறது. ஒன்றும் பேசுவதற்கில்லை. தெர்மோஸ்ராறை மறுபடி பூட்டக் காஸ்கெற் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சங்கானை 3எல்

பஜேரோ, துப்புரவாக்கியதும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். போன மாரியில் பிடித்தது இரண்டு கான் வீட்டில் இருக்கிறது. ஒன்று உங்களுக்கு. கானைத் திருப்பித் தரவேண்டும்.