மலையேறும்போது நின்றுவிடும் கஃபே ரேசர்: பெட்ரோல் குறையா, மின்சாரக் குறையா?

கேள்வி – கோவை ஒற்றைச் சிலிண்டர்

அனைவருக்கும் வணக்கம். 2018-இல் வாங்கிய, பிஎஸ் 4 புகை விதிக்கு உட்பட்ட 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டியைச் சென்ற ஆண்டு கஃபே ரேசராக, அதாவது பழைய பந்தய வண்டிப் பாணியில், மாற்றிக் கட்டினேன். ஃபிரேமின் பின்பகுதியை வெட்டிச் சுருக்கி, முழு ஃபிரேமுக்கும் பவுடர் கோட்டிங் கொடுத்தேன். கையால் தட்டிச் செய்த அலுமினிய டேங்கில் பழைய பம்பையே பொருத்தி, ஏர் பாக்ஸை (காற்று வடிகட்டிப் பெட்டியை) நீக்கிக் கூம்பு வடிவ ஃபில்டரை மாட்டி, ஒயரிங் முழுவதையும் சீட்டுக்கு அடியில் அடக்கினேன். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ மட்டும் வண்டியோடு வந்ததுதான்.

நகருக்குள் ஓட்டும்வரை ஒரு குறையும் இல்லை. ஆனால் மேட்டுப்பாளையத்தைக் கடந்து, கல்லாறுக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிய சிறிது நேரத்தில், ஆக்சிலேட்டரைக் கூட்டக் கூட்ட வண்டி முன்னே பாயாமல் இடித்து இடித்து இழுக்கிறது, பிறகு நின்றேவிடுகிறது. கால் மணி நேரம் ஓரமாக நிறுத்திவைத்தால் எதுவும் நடவாததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. பிளக்கை மாற்றினேன், இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தேன், த்ராட்டில் பொசிஷன் சென்சாரையும் புதிதாகப் போட்டேன், பயனில்லை. புதிய ஈசியூ வாங்குமாறு பட்டறையில் சொல்கிறார்கள். அதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. ஒரு மாலை பர்லியார் அருகே வண்டி நின்றபோது முன்விளக்கும் சற்று மங்கலாக எரிந்ததுபோல் தோன்றியது.

பதில் – பழைய பட்டறை

தம்பி, ஈசியூ வாங்கும் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் பெட்ரோல் வழியில் குறை இல்லை என்று ஆகிவிடாது. இந்த வகை வண்டிகளில் பெட்ரோலின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. பம்பிலிருந்து 3 பார் அழுத்தம் வருகிறது என்ற நம்பிக்கையில்தான், இன்ஜெக்டரை இத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்று ஈசியூ கணக்கிடுகிறது. வருவது 2 பாராகக் குறைந்தாலும் அதற்குத் தெரியாது. முன்போலவே திறந்து மூடும், எஞ்சின் பட்டினி கிடக்கும்.

கையால் செய்த டேங்க் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது மூடியின் காற்றுத் துளை. துளை அடைபட்டிருந்தால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பம்ப் உறிஞ்ச முடியாமல் தவிக்கும். நிறுத்திவைத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய் வண்டி மீண்டும் ஓடும். நீங்கள் சொல்லும் அறிகுறியும் இதுவே. அடுத்தமுறை வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து, 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். இதற்குக் காசு செலவில்லை. மூடியில் குறை இல்லையென்றால், பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் இடையே மூன்று வாய் கொண்ட ஒரு டீ (T) இணைப்பில் பிரஷர் கேஜ் மாட்டி மலையேறுங்கள். ஹோஸைக் கழற்றுமுன் பம்பின் பிளக்கைப் பிடுங்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அழுத்தத்தோடு இருக்கும் ஹோஸைச் சூடான எஞ்சின் மேல் கழற்றி, சிலிண்டர் முழுவதும் பெட்ரோல் தெறித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பதில் – கூம்பு ஃபில்டர்

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. ஏர் பாக்ஸை எடுத்துவிட்டு, ஈசியூவின் மேப்பை (எப்போது எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்ற அட்டவணையை) மாற்றாமல் ஓட்டுவதே முதல் தவறு. ஆக்சிஜன் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கி, கலவை, காற்று 14.7-க்குப் பெட்ரோல் 1 என்ற எடை விகிதத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். சீரான வேகத்தில் செல்லும்போது ஈசியூ அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். மலையில் ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கும்போது அதைக் கேட்காமல், தன்னிடம் எழுதிவைத்த அட்டவணைப்படியே பெட்ரோல் விடும். கூடுதல் காற்று உள்ளே வரும் வண்டிக்கு அந்த அட்டவணை போதாது. உயரமும் சேர்ந்துகொள்கிறது, குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது.

பதில் – ஒரு மல்டிமீட்டர் போதும்

மேப்பைப் பற்றி மேலே நண்பர் சொன்னது உண்மையே என்றாலும், இந்த வண்டி நிற்பதற்கு அது காரணமாக இருக்காது. மேப் தவறாக இருந்தால் முதல் வளைவிலேயே இழுவை குறைந்திருக்கும். கால் மணி நேரம் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடாது. உயரத்தையும் குற்றம் சொல்ல முடியாது. கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் குன்னூரில் 81 அளவுக்கு இறங்கினாலும், இன்டேக்கில் உள்ள அழுத்த சென்சார் அதை அறிந்து பெட்ரோலைக் குறைத்துவிடும். கார்புரேட்டரிடம் இல்லாத வசதி அது.

கேள்வி கேட்டவர் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன முன்விளக்குத்தான் என் கண்ணில் பட்டது. பெட்ரோல் குறைந்தால் விளக்கு ஏன் மங்க வேண்டும்? பவுடர் கோட்டிங் என்பது மின்சாரத்தைக் கடத்தாத பிளாஸ்டிக் படலம். பம்பின் எர்த்தும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) முன்விளக்கின் எர்த்தும் ஃபிரேமில் ஒரே போல்டில் சேருகின்றன என்றால், அந்த ஒயர் முனை படலத்தின் மேல் உட்கார்ந்திருக்க, மின்சாரம் போல்டின் மரை வழியாக மட்டும் எப்படியோ போய்வந்துகொண்டிருக்கும். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் விளக்கை அணைக்கும் சுவிட்ச் இல்லாததால், விளக்கின் 4 ஆம்பியரும் பம்பின் 4 ஆம்பியரும் அந்த ஒரு மரையில் இடைவிடாமல் பாய்கின்றன. மரை சூடேறும், சூடேறினால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடேறும். நிறுத்திவைத்தால் ஆறிவிடும்.

மல்டிமீட்டரை 'பீப்' ஒலியில் வைத்துச் சோதித்துவிட்டு, எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சோதனையில் மீட்டர் செலுத்துவது மிகச் சிறிய மின்னோட்டம். அரை ஓம் தடை இருந்தாலும் அது தயங்காமல் ஒலிக்கும். 8 ஆம்பியர் பாயும்போதோ அதே அரை ஓம் 4 வோல்ட்டை விழுங்கிவிடும்; பம்ப் வலுவிழந்து பெட்ரோல் அழுத்தம் இறங்கும், விளக்கும் மங்கும். ஆகவே எஞ்சின் ஓடும்போதே, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையைப் பம்ப் பிளக்கின் எர்த் ஊசியிலும் வைத்து வோல்ட்டைப் பாருங்கள். 0.2-க்கு மேல் காட்டினால் அந்த வழியில் குறை இருக்கிறது. ஈசியூவுக்குத் தனி எர்த் இருந்தால், தனக்கு வரும் 14 வோல்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டு எல்லாம் நலம் என்றே அது நினைத்திருக்கும். எச்சரிக்கை விளக்கு எரியாததற்கும் அதுவே காரணம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மலையேறிவிட்டு எழுதுகிறேன். மூடியைத் திறந்தபோது எந்த ஒலியும் வரவில்லை. காற்றுத் துளை நன்றாகவே இருக்கிறது. வீட்டு வாசலில் 3 பார் காட்டிய கேஜ், கல்லாறு தாண்டியதும் மெல்ல மெல்ல இறங்கி, வண்டி இடிக்கத் தொடங்கியபோது 1.9-இல் நின்றது. உடனே ஓரங்கட்டி, எஞ்சின் அணைவதற்குள் மீட்டரை வைத்தேன். பேட்டரியில் 13.9 வோல்ட், பம்பின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மட்டும் 4.1 வோல்ட். சீட்டுக்கு அடியில் இருந்த எர்த் போல்டைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். கழற்றிப் பார்த்தால், ஒயர் முனை வளையத்துக்கு அடியில் பவுடர் கோட்டிங் பழுப்பேறிக் கருகியிருந்தது. ஃபிரேமை அழகாக்க நான் கொடுத்த கோட்டிங்தான் இத்தனை அலைச்சலுக்கும் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விளக்கைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, அழித்து, மறுபடியும் சேர்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரியவைத்து, பம்புக்கு மட்டும் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராகத் தனி ஒயர் இழுத்தேன். வோல்ட் இழப்பு 0.08 ஆகிவிட்டது. வண்டி குன்னூர் வரை நிற்காமல் ஏறியது.

ஆனாலும் இன்னொன்று மீதமிருக்கிறது. டேங்கில் 4 லிட்டருக்குக் கீழ் இறங்கியதும், செங்குத்தான வளைவுகளில் வண்டி ஒரு நொடி மட்டும் வெட்டுகிறது. அப்போது கேஜின் முள் மெல்ல இறங்குவதில்லை. சட்டென்று பூஜ்யத்தின் பக்கம் விழுந்து உடனே ஏறிவிடுகிறது.

பதில் – பழைய பட்டறை

முள் சட்டென்று விழுந்து எழுகிறது என்றால் பம்ப் காற்றைக் குடிக்கிறது. டேங்கின் அடிப்பகுதி தட்டையாக இருந்து, பம்ப் முன்பக்கத்தில் இருந்தால், மலையேறும்போது இருக்கிற பெட்ரோல் எல்லாம் பின்னால் ஓடிவிடும். பம்பைச் சுற்றி நான்கு விரல் உயரத்தில் ஒரு தடுப்புச் சுவர் வைத்து, அதன் அடியோரம் சிறு துளைகள் இடச் சொல்லுங்கள்; உள்ளே வந்த பெட்ரோல் ஒரு வளைவைக் கடக்கும்வரையாவது அங்கேயே தங்கும். அதற்காக டேங்கை வெல்டிங்குக்குக் கொடுக்குமுன், பம்பைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி, முழுதாகக் காயவைத்துக் கொடுங்கள்; காலி டேங்கில் தங்கும் ஆவிதான் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது.

பம்பை வெளியே எடுக்கும்போது டேங்குக்குள் இருக்கும் சிறிய ஹோஸையும் பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் ஹோஸ், உள்ளே பெட்ரோல் ஓடுவதற்குச் செய்யப்பட்டதே தவிர, வெளிப்புறமும் பெட்ரோலில் ஊறிக் கிடப்பதற்கு அன்று. எத்தனால் கலந்த பெட்ரோலில் அது இன்னும் விரைவாக ஊறி இளகும். பெட்ரோலில் மூழ்கியிருக்கும் ஹோஸுக்கான தரக் குறியீடான எஸ்ஏஇ ஜே30 ஆர்10 (SAE J30 R10) என்று அச்சிட்டிருக்கும் ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். விலை அதிகம், ஆனால் உங்களுக்கு ஒரு சாண் நீளம் போதும்.