ஆக்ஸில் ஜாயின்ட், பூட்: வீட்டிலேயே மாற்றியவர்கள் அனுபவம் சொல்லுங்க

சேலம், பழைய ஆல்ட்டோ

கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டுதான் ஆக்ஸில் (ஷாஃப்ட்). அதன் இரு முனையிலும் வளைந்தபடியே சுழலும் ஜாயின்ட் இருக்கும்: சக்கரப் பக்கம் வெளி ஜாயின்ட், கியர்பாக்ஸ் பக்கம் உள் ஜாயின்ட். கிரீஸ் வெளியே போகாமல் அதை மூடும் மடிப்பு ரப்பர் உறைதான் பூட். வீட்டு வாசலில் வைத்து இவற்றை மாற்றியவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். முதலில் என்னுடையது.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முன்சக்கரப் பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அது வெளி ஜாயின்ட். நேர் சாலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வண்டி நடுங்கி, காலை எடுத்ததும் அடங்கினால் உள் ஜாயின்ட்டைச் சந்தேகப்படலாம். என் வண்டியில் இரண்டும் இல்லை. ஆனால் வலது சக்கரத்தின் உள்பக்கம், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் கறுப்புக் கிரீஸ் வட்டமாகத் தெளித்திருந்தது. குனிந்து பார்த்தால் வெளிப் பூட் மடிப்பில் கிழிசல். ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, "முழு ஆக்ஸிலையே மாத்திடுங்க சார், எதுக்கு வம்பு" என்றார்கள். சத்தமே போடாத ஒரிஜினல் ஜாயின்ட்டைத் தூக்கிப் போட எனக்கு மனசில்லை. பூட் கிட்டின் விலை முழு ஆக்ஸில் விலையில் சின்னப் பங்குதான்.

இந்த வேலையில் கஷ்டம் ஜாயின்ட்டில் இல்லை, அதுவரை போய்ச் சேர்வதில்தான். முதல் எதிரி ஹப் நட், அதாவது ஷாஃப்ட் முனையைச் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்போடு பிடிக்கும் பெரிய நட். பெரும்பாலான சின்ன கார்களில் 30 அல்லது 32 சைஸ் சாக்கெட் வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, அதைத் தளர்த்திவிட வேண்டும். வண்டியை ஜாக்கியில் ஏற்றிய பிறகு பைப் மாட்டி அழுத்துவது உயிருக்கே ஆபத்து. நட்டின் விளிம்பை ஷாஃப்ட் பள்ளத்துக்குள் தட்டி மடக்கியிருப்பார்கள். அதை மெல்லிய உளியால் முழுசாக நிமிர்த்தாமல் திருகினால் ஷாஃப்டின் மரை போய்விடும். சில வண்டிகளில் மடக்குவதற்குப் பதில் ஸ்பிலிட் பின் இருக்கும். சாக்கெட்டுக்கு மூன்றடி இரும்பு பைப் மாட்டி, மச்சான் பிரேக்கில் நிற்க, 'டங்' என்று ஒரு சத்தத்தோடு கழன்றது.

அப்புறம் ஜாக்கி, ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லாமல் யாரும் வண்டிக்கு அடியில் கையை நீட்டாதீர்கள். செங்கல் அடுக்குவது ஸ்டாண்டு ஆகாது. கியர் ஆயிலை வடித்துக்கொண்டேன். உள் ஜாயின்ட்டை கியர்பாக்ஸிலிருந்து இழுத்ததும் ஆயில் அந்த ஓட்டை வழியாகத்தான் கொட்டும். லோயர் ஆர்மையும் நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) இணைக்கும் பால் ஜாயின்ட்டைப் பிடிக்கும் போல்ட்டை முழுசாக உருவி எடுக்க வேண்டும். அது பால் ஜாயின்ட் தண்டில் உள்ள பள்ளத்தின் வழியாகப் போவதால், தளர்த்தினால் மட்டும் விடாது. உருவிய பிறகு நீளக் கம்பியால் ஆர்மைக் கீழே நெம்பினால் நக்கிள் விடுபடும். அதை வெளியே சாய்த்தால் ஷாஃப்ட் ஹப்பிலிருந்து நழுவி வரும். காலிப்பரைக் கழற்றத் தேவையில்லை, பிரேக் ஹோஸ் மட்டும் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டைத் தொங்கவும் விடக்கூடாது. கட்டுக் கம்பியால் மேலே கட்டிவிடுங்கள், இல்லையென்றால் உள் ஜாயின்ட் பூட்டுக்குள்ளேயே பிரிந்துகொள்ளும்.

கியர்பாக்ஸ் பக்கம், ஜாயின்ட் கூட்டுக்கும் கேஸிங்குக்கும் நடுவே தட்டையான கம்பி வைத்து ஒரே நெம்பு. ஷாஃப்ட்டைப் பிடித்து இழுத்தால் வராது, உள்ளே மூன்று உருளைகள்தான் கழன்றுவரும். வெளியே எடுக்கும்போதும் திரும்ப மாட்டும்போதும் ஆயில் சீலின் உதட்டில் ஸ்ப்ளைன் (தண்டின் முனையில் உள்ள நீளப் பற்கள்) உரசக்கூடாது. அந்த சீலின் விலை சொற்பம், எடுத்த கையோடு புதிது போட்டுவிட்டேன்.

வெளி ஜாயின்ட் கழற்றுவதற்கு: ஷாஃப்ட்டைத் துணி சுற்றி வைஸில் பிடித்து, பித்தளைத் துண்டை உள் ரேஸில் (குண்டுகள் ஓடும் உள் வளையம்) வைத்து ஓங்கி ஒரு அடி. உள்ளே இருக்கும் சர்க்கிளிப் (பிளவுள்ள கம்பி வளையம்) சுருங்கி ஜாயின்ட் விட்டுக்கொடுக்கும். வெளிக் கிண்ணத்திலோ, குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டிலோ அடிக்கக் கூடாது. மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, உள் ரேஸைச் சாய்த்து ஒவ்வொரு குண்டாக வெளிச்சத்தில் பார்த்தேன். குண்டு ஓடும் பள்ளத்தில் குழி இருக்கிறதா, சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா, கூண்டின் சன்னலில் குண்டு ஆடுகிறதா, இவைதான் கேள்வி. எதுவும் இல்லை. மண் போகுமுன் பிடித்துவிட்டதால் பிழைத்தது. கிட்டில் வந்த கறுப்புக் கிரீஸ், மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்தது, பாக்கெட் முழுவதும் போனது. பாதி குண்டுகளுக்குள், மீதி பூட்டுக்குள். வீட்டில் இருக்கிறதே என்று வீல் பேரிங் கிரீஸை வைக்காதீர்கள்.

பூட் உட்கார்ந்ததும், கிளாம்ப்பை இறுக்குமுன் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைப் பூட்டின் உதட்டுக்கு அடியில் ஒரு கணம் செருகி உள்ளிருக்கும் காற்றைச் சமப்படுத்த வேண்டும். செய்யாவிட்டால் பூட் உப்பியோ ஒட்டியோ நின்று, மடிப்பு ஒன்றோடொன்று உரசிச் சீக்கிரம் கிழியும். கிளாம்ப்பின் காதைக் கிள்ளுவதற்கென்றே ஒரு கட்டிங் பிளேயர் மாதிரிக் கருவி வருகிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் டை போட்டால் கிரீஸ் வெளியே வந்தே தீரும்.

ஹப் நட் புதிது. சக்கரம் தரையில் பட்ட பிறகு டார்க் ரெஞ்ச்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கி, விளிம்பை மடக்கினேன். பெரும்பாலான சின்ன வண்டிகளில் அது 150 முதல் 200 நியூட்டன் மீட்டருக்குள் வரும், ஆனால் உங்கள் மேனுவலைப் பார்த்துத்தான் இறுக்க வேண்டும். கியர் ஆயிலை லெவல் போல்ட் வரை ஊற்றிவிட்டு ஏற்காடு மலை ஏறி இறங்கினேன். கிரீஸ் ஒரு சொட்டு இல்லை.

யாழ்ப்பாணம், கொறோலா

அண்ணை, நல்லா எழுதியிருக்கிறீங்கள். என்னுடையது பழைய ரொயோட்டா கொறோலா. அதில் உங்கட முறை சரிவராது. வெளி ஜொயின்ற் ஷாஃப்ற்றோடு சேர்ந்தபடி இருக்கும், கழட்டச் சொல்லி மேனுவலும் சொல்லவில்லை. வெளிப் பூட் மாற்ற வேண்டுமென்றாலும் உள் பக்கத்தைக் கழட்டி, அங்கிருந்து இரண்டு பூட்டையும் வரிசையாக ஏற்ற வேண்டும். அதனால் வெளிப் பூட் ஒன்றுதான் கிழிந்தது என்றாலும் இரண்டையும் சேர்த்து வாங்கிப் போடுவதுதான் புத்தி.

உள் ஜொயின்ற்றில் மூன்று உருளை வைத்த ட்ரைபொட் ஒன்று வரும். கழட்ட முன்னம் கூட்டிலும் ட்ரைபொட்டிலும் ஷாஃப்ற்றிலும் பெயின்ற் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பொன்ச்சால் குத்தி அடையாளம் வைக்கக் கூடாது. திரும்பப் போடும்போது ட்ரைபொட்டின் சரிவான பக்கம் வெளி ஜொயின்ற்றைப் பார்க்க வேண்டும். இங்கே தெரிந்த கராஜ் ஒன்றில் மாறிப் போட்டுக் கொடுத்த வாகனம் ஒன்றை நான் பிறகு பிரித்துப் பார்த்தேன், ஸ்நாப் ரிங் சரியாக இருக்கவேயில்லை.

சாமான் எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்தது. அங்கே ஜப்பானில் இருந்து வந்த பழைய ஷாஃப்ற் முழுசாகவே கிடைக்கும். கையில் எடுத்து ஜொயின்ற்றை எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள், பிறகு ஷாஃப்ற்றைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தை இரண்டு பக்கமும் முறுக்கிப் பாருங்கள். 'கிளிக்' என்று ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். மடக்கும்போது கொஞ்சம் இறுக்கமாக இருப்பது பழுது இல்லை. என் கணக்கில், கடையில் புதிதாய்ப் பளபளக்கிற மலிவு ஜொயின்ற்றை விட ஆட்டமில்லாத பழைய ஜப்பான் ஷாஃப்ற்றும் புதுப் பூட்டும் மேல்.

ஸ்கார்பரோ, சிவிக்

நீங்கள் எல்லாரும் துருவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, கொடுத்துவைத்தவர்கள். இங்கே கனடாவில் குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். ஹப் நட் கழன்ற பிறகும் ஸ்ப்ளைன் ஹப்போடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். வேலைக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டேன். நட்டை முனை வரை திருகி, ஷாஃப்ட் முனையோடு சமமாக நிறுத்தி, அதன்மேல் மரக்கட்டை வைத்துத் தட்டினேன். நட் இல்லாமல் வெறும் முனையில் அடித்தால் அது விரிந்து, பிறகு நட்டே ஏறாது. தட்டியும் அசையாதபோது பக்கத்துக் கடையிலிருந்து ஹப் புல்லர் இரவல் வாங்கினேன். வைப்புத்தொகை கட்டினால் இங்கே கருவிகளை இரவல் தருகிறார்கள், திருப்பினால் பணம் திரும்ப வரும்.

லோயர் பால் ஜாயின்ட் எனக்குக் கூம்புத் தண்டு. கவட்டைக் கம்பியை அடித்துச் செருகினால் பிரியும், ஆனால் பால் ஜாயின்ட்டின் ரப்பரைக் கிழித்துவிடும். நக்கிளின் அந்தக் காதின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் அடிப்பதே எனக்குப் பிடித்த வழி. அதிர்வில் கூம்பு தானாக விடும். நட்டை முழுக்கக் கழற்றிவிடாமல் சில மரைகள் விட்டு வையுங்கள், விடுபடும் வேகத்தில் ஆர்ம் காலில் இறங்காது.

இங்கே யாரும் பூட் மட்டும் மாற்றுவதில்லை. உழைப்புக் கூலி மணிக்கணக்கில் ஓடுவதால் முழு ஷாஃப்ட்டைத்தான் போடுவார்கள். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கென்று பிடித்த பணம் கையில் வரும். மறுசீரமைத்த மலிவு ஷாஃப்ட் ஒன்றைப் போட்டேன். சத்தம் போனது, ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் 'டி'-யில் இருக்க, சிக்னலில் நிற்கும்போது வண்டி முழுக்க ஒரு அதிர்வு புதிதாக வந்தது. பழைய ஒரிஜினலை நான் ஏற்கெனவே கடையில் கொடுத்துவிட்டேன். சேலம் அண்ணா சொல்வது சரி: ஒரிஜினலை வீட்டில் வைத்துப் பூட் மாற்றிப் பாருங்கள், அது சரிவரவில்லையென்றால் பிறகு கொடுக்கலாம்.

திருச்சி, வேகன் ஆர்

அண்ணே, ஒரு சந்தேகம். ஷாஃப்ட்டைக் கழற்றாமலே மேலிருந்து சுற்றி ஒட்டுகிற பிளவுப் பூட் விற்கிறார்களே, அது எப்படி? எலி கடித்து என் பூட்டில் ஓட்டை. சத்தம் இல்லை. ஹப் நட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

சேலம், பழைய ஆல்ட்டோ

தம்பி, பழைய கிரீஸின் ஈரம் துளி இருந்தாலும் அந்தப் பசை பிடிக்காது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கிரீஸ் வழியும் இடத்தைக் காயவைப்பது நடக்கிற காரியமா? ஒட்டினாலும், உள்ளே போன மண்ணைக் கழுவ வழியில்லை. ஊருக்குப் போய்ச் சேர அவசரத்துக்கு என்றால் சரி, நிரந்தரத்துக்கு நான் சொல்லமாட்டேன். நீட்டிப் போடுகிற பூட் என்று இன்னொன்று இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் கூம்பின் மேல் அதை விரித்து, ஜாயின்ட்டுக்கு மேலாகவே ஏற்றிவிடலாம். அதற்கும் ஷாஃப்ட் ஹப்பிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். ஆக, ஹப் நட்டிலிருந்து தப்ப முடியாது. அதை மட்டும் தெருமுனை மெக்கானிக்கிடம் தளர்த்தி, திரும்ப இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுங்கள். நட் தளர்ந்த நிலையில் வண்டியை ஓட்டவோ தள்ளவோ கூடாது, வீல் பேரிங் கெட்டுவிடும்.

கோவை, பட்டறை வைத்து ஓய்வு பெற்றவர்

தம்பிகள் எழுதியதைப் படித்தேன், சந்தோஷம். அம்பாசடர், பத்மினி காலத்தில் இந்தப் பேச்சே கிடையாது. அவை பின்சக்கரம் இழுக்கும் வண்டிகள், பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் கிராஸ் (சிலுவை வடிவ ஜாயின்ட்) போனால் மாற்றுவோம், அவ்வளவுதான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் முன்சக்கர ஆக்ஸில் எங்கள் கைக்கு வந்தது. ஆரம்பத்தில் நாங்களும் கிராஸ் மாதிரியே நினைத்தோம். கிராஸ் வளைந்து சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ஸ்டியரிங்கோடு திரும்பும் சக்கரத்தில் அது ஆகாது, கையிலேயே உதைக்கும். இந்த ஜாயின்ட்டில் ஆறு குண்டுகளும் எப்போதும் இரண்டு தண்டுகளின் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே நிற்கும்படி கூண்டு பிடித்துக்கொள்கிறது. அதனால் எந்தத் திருப்பத்திலும் வேகம் மாறாது. ஆல்ஃப்ரெட் ஜெப்பா என்கிற ஃபோர்டு இன்ஜினியர் 1920-களில் கண்டுபிடித்தது. 1959-இல் வந்த மினி காரில் இது பெரிய அளவில் ஓடியது.

இன்னொரு பழைய வித்தை சொல்கிறேன். சத்தம் லேசாக ஆரம்பித்த வெளி ஜாயின்ட் இரண்டும் ஒரே அளவாக இருந்தால், இடது வலது மாற்றிப் போடுவோம். முன்னோக்கி ஓடும்போது குண்டுகள் பள்ளத்தின் ஒரு பக்கத்தையே தேய்க்கும். மாற்றினால் தேயாத பக்கத்தில் சுமை விழும், சத்தம் அடங்கும். கொஞ்ச காலம் ஓட்டலாம். ரிவர்ஸில் மட்டும் சத்தம் கேட்கலாம். பணம் தட்டுப்பாடான டாக்ஸிக்காரர்களுக்கு இதைச் செய்துகொடுத்திருக்கிறோம். பள்ளத்தில் குழி விழுந்த ஜாயின்ட்டுக்கு இது உதவாது, அதை மாற்றித்தான் ஆக வேண்டும். கூண்டு உடைந்து குண்டு வெளியே வந்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும், கியர் போட்டாலும் நகராது.

இரண்டு பக்க ஷாஃப்ட்டையும் ஒரே நேரத்தில் உருவாதீர்கள். சில கியர்பாக்ஸில் உள்ளே இருக்கும் பல்சக்கரம் நழுவி இடம் மாறிவிடும், அப்புறம் கியர்பாக்ஸையே இறக்க வேண்டி வரும். ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள்.

திருச்சி, வேகன் ஆர்

நன்றி அண்ணே, நன்றி ஐயா. இந்த ஞாயிறு இறங்குகிறேன். கடையில் பூட் கேட்டால் "எந்த மாடல், ஏ.பி.எஸ். உண்டா" என்று கேட்கிறார்கள். பூட்டுக்கும் ஏ.பி.எஸ்.ஸுக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்கார்பரோ, சிவிக்

பூட்டுக்குச் சம்பந்தமில்லை, ஜாயின்ட் வாங்கினால்தான். ஏ.பி.எஸ். என்பது பிரேக் போடும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் அமைப்பு. பல வண்டிகளில் அதன் பல் வளையம் வெளி ஜாயின்ட்டின் மேலேயே இருக்கும். வாங்குமுன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணுங்கள், எண்ணிக்கை மாறினால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். உள் ஸ்ப்ளைன், வெளி ஸ்ப்ளைன் இரண்டின் எண்ணிக்கையையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். பூட்டுக்கு என்றால் பழைய பூட்டின் சின்ன வாய், பெரிய வாய் அளவும் நீளமும் போதும். கிளாம்ப் இரண்டு, சர்க்கிளிப், ஹப் நட் எல்லாம் கிட்டில் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். ஞாயிறு மதியம் கடை மூடிய பிறகு ஒரு சர்க்கிளிப்புக்காக வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டாம்.