பழங்காசில் நிற்பது யார்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை:
எங்கள் பெரிய அத்தையின் பூஜையறையில் ஒரு செப்புக்காசு உண்டு. எல்லோரும் பார்த்ததுதான், ராஜராஜன் காசு. ஒரு பக்கம் பூவோடு நிற்கிறவர், மறுபக்கம் உட்கார்ந்தவர், கை ஓரத்தில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. அத்தைக்கு அவர் ஆஞ்சநேயர். வேட்டி முனை வால் மாதிரி வளைந்திருக்கிறதே! வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்து, குங்குமம் வைப்பார். நான் வாங்கிப் பார்த்தபோது ‘ஸ்ரீ’ போயிருந்தது, எழுத்தில் மிச்சம் ஒரு ‘ஜ’தான். “அத்தை, இது ராஜா” என்றேன். “இருந்துட்டுப் போறார், ராஜாவைக் கும்பிட்டா ஆகாதா?” என்று காசைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

நல்லூரான்:
அண்ணை, ராஜா என்கிறீர்கள், எந்த ராஜா? அப்பப்பாவின் தகரப் பேணியில் இதே உருவத்தோடு காசு கிடந்தது. ஊரில் எல்லோரும் சோழன் காசு என்றுதான் சொல்வார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் எழுத்து ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’! இலங்கையின் பொலன்னறுவையில் 1197இல் முதல் தடவை அரியணை ஏறிய அரசி, முதலாம் பராக்கிரமபாகுவின் மனைவி. ஆனால் காசில் பெண் என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை, அதே குச்சிக் கை, அதே வேட்டி முனை. ஆகவே அது ராஜராஜனின் முகம் என்று யாரும் அடித்துச் சொல்ல வேண்டாம். சோழர் அச்சையே இலங்கை அரசர்களும் எடுத்துக்கொண்டார்கள், பெயரை மட்டும் மாற்றினார்கள். யாழ்ப்பாணத்து அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகள்தான் பின்பக்கம் நந்தியைப் படுக்கவைத்து, தமிழில் ‘சேது’ என்று போட்டார்கள்.

திண்டுக்கல் பையன்:
நீங்கள் நிஜக்காசுக்குச் சண்டை போடுகிறீர்கள். சித்தப்பாவிடம் வந்தது கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, ராமர் பட்டாபிஷேகம், ‘ஒரு அணா’. இரிடியமாம், அரிசியை இழுக்குமாம், கோடி ரூபாயாம். கொண்டுவந்தவர் தட்டில் காசை வைத்தார். அரிசி நிஜமாகவே நகர்ந்து ஒட்டியது. சித்தப்பா கண்ணில் தண்ணீர். நான் ஒரு அரிசியை எடுத்து விரலில் தேய்த்தேன், விரல் கறுப்பாகிவிட்டது. இரும்புத்தூள்! அந்த ஆள் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிப் போனார். சித்தப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை.

வராகன்:
தம்பி, கம்பெனி சாமி படமே போடவில்லை என்று இதை வைத்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. வராகன் என்பது பழைய தங்கக்காசு; சென்னையில் அடித்த மூன்று சுவாமி வராகனில் பெருமாள் இரண்டு தாயாரோடு நிற்பார். அரை வராகன் வெள்ளியில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் விஷ்ணு. ராமர் அணாவைத்தான் கம்பெனி அடித்ததே இல்லை. 1835 செப்பு அரை அணாவை எடுத்துப் பாருங்கள், கம்பெனியின் சின்னமும் சிங்கங்களும்தான் இருக்கும்.

என் அனுபவம் சின்னது. கடையில் பாலகிருஷ்ணன் வராகன் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், கிருஷ்ணதேவராயர் காசு, கையில் வெண்ணெயோடு குழந்தை. வாங்கக் காசில்லை, அவ்வளவுதான்.

ஆனால் எல்லோருக்கும் சொல்கிறேன், புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம். செம்பின் மேல் படிந்த பச்சைதான் எழுத்தைக் காக்கிறது. மண் இருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள். விளிம்பை மட்டும் பிடியுங்கள். எடை போட்டு எழுதிவையுங்கள், வராகன் என்றால் ஏறக்குறைய 3.4 கிராம் இருக்க வேண்டும். விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு ஓடினால் போலி. அப்புறம், மண்ணில் புதையலாகக் கிடைத்தால் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். 1878ஆம் வருடச் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

திண்டுக்கல் பையன்:
ஐயா, சாமி படமே போடவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? அரிசியைப் பற்றித்தானே சொன்னேன்.

அமராவதி ஆறு:
என்னை உறுத்துவது ரோமானியத் தங்கக்காசின் படம். 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501இல் ஒன்று. பேரரசரின் தலைமேல் குறுக்காக ஓர் உளிவெட்டு. அந்தக் குவியலில் பெரும்பாலானவை இப்படித்தானாம். மறுபடி புழக்கத்துக்குப் போகாமலிருக்க வெட்டினார்கள் என்று ஒரு கருத்து. சரி, புழங்கக் கூடாதென்றால் விளிம்பில் வெட்டினால் போதாதா? ஏன் முகத்தில்? நல்லூரான் அண்ணை, உங்கள் பக்கம் இப்படி வெட்டுப்பட்டது ஏதாவது பார்த்ததுண்டா?